மருத்துவ இடம் மறுக்கப்பட்டார்க்கு வாழ்வும் மறுக்கப்பட்டதா?

ஆண்டுதோறும் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் வெளியாகும் நாளில், திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் பல வீடுகள் சாவு விழுந்த வீடுகளாய் மாறிவிடுகின்றன. அடுப்பு எரிவதில்லை, யாரும் யாரொடும் பேசுவதில்லை. செத்தவர் எவருமிலர். பதினெட்டு அகவைப் பிள்ளை ஒன்றின் பெயர் ஒரு பட்டியலில் இடம்பெறாமற் போயிற்று, நடந்தது அவ்வளவே. ஆனால், பெற்றோர் முகத்தையும் உற்றார் கேட்கும் கேள்விகளையும் பார்த்தால், அப்பிள்ளை ஏதோ கொடுங்குற்றம் இழைத்துவிட்டது போலவே தோன்றும்.

இரண்டு மூன்று நாள்களில் வீட்டார் ஒரு முடிவுக்கு வருகின்றனர். "இன்னும் ஓராண்டு படித்து மீண்டும் எழுதட்டும்" என்பது ஒன்று; "கிடைத்த ஏதோ ஒன்றில் சேர்ந்து தொலையட்டும்" என்பது மற்றொன்று. முன்னது முரண்டு, பின்னது கைகழுவல். இரண்டிலும் எண்ணிப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் செயல் இல்லை. ஒரு மாந்தன் நாற்பது ஆண்டுக்காலம் செய்யப்போகும் தொழில், துயரத்தில் ஆழ்ந்த ஒரு வீட்டில், மூன்று நாள் அழுகைக்கு நடுவில் முடிவு செய்யப்படுகின்றது. மாடு வாங்குவதற்குக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நான்கு பேரைக் கேட்டு வாங்கும் உழவர் குடி, பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை இவ்வாறு முடிவு செய்வது எத்துணைக் கேடானது!

மருத்துவ இடம் கிடையாத பிள்ளை மேற்கொள்ளும் மாற்றுத் தொழில், தோற்றவன் ஒதுங்கும் திண்ணை அன்று. தேர்வுக்கு முன்னரே, தெளிந்த உள்ளத்தோடு, தன் திறனையும் தன் மண்ணின் தேவையையும் அளந்தறிந்து தேர்ந்துகொள்ளப்பட வேண்டிய தொழில் அது. இதனைத் தமிழ்ப் பெற்றோர் உணராத வரை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளம் உயிர்கள் உள்ளுக்குள் வெந்து கருகுவதைத் தடுக்க முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தது அண்மையில்தான். 2022 சனவரி 12ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. அதன் இடங்கள் ஆண்டுக்கு 150. அவற்றுள்ளும் நூற்றுக்குப் பதினைந்து இடங்கள், அதாவது 22 அல்லது 23 இடங்கள், அனைத்திந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடுகின்றன. தமிழ்நாடு முழுதும் உள்ள 36 அரசு மருத்துவக் கல்லூரிகளையும் கூட்டினால் ஏறத்தாழ 5000 இடங்கள். 2024இல் தமிழ்நாட்டிலிருந்து 'நீட்' என்னும் நுழைவுத் தேர்வை எழுதியவரோ ஏறத்தாழ ஒன்றரை நூறாயிரம் பேர். அத்தனை பேரும் இரவு பகலாய்ப் படித்தாலும், அத்தனை பேரும் அறிவிற் சிறந்தவராயினும், அவர்களுட் பெரும்பாலார் வாயிலில் திருப்பியனுப்பப்படுவர் என்பது எழுதுமுன்னரே முடிந்துபோன கணக்கு. கிடைப்பதே அரிது, கிடையாமையே இயல்பு என்றிருக்கும்போது, கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் திட்டமிட்டுவிட்டு, கிடையாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நாளும் எண்ணாதிருப்பது அறிவுடைமையாகுமா?

அடுத்து, அந்த வாயிலைக் கட்டியவர் யார் என்று பார்த்தல் வேண்டும். அஃது இயற்கை அமைத்த வாயிலன்று; அரசுகள் அமைத்தும் இடித்தும் மாற்றியும் வந்த வாயில். சென்னை மாகாணத்து மருத்துவ, பொறியியற் கல்லூரி இடங்களைப் பற்றிய வழக்குத்தான் 1951இல் இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திற்கே வழிகோலியது. தமிழ்நாட்டரசு 1984ஆம் ஆண்டளவில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைப் புகுத்தியது. 2006இல் இயற்றிய சட்டத்தால் அதே அரசு அத் தேர்வை நீக்கியது. அதன்பின் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ இடத்திற்குரிய அளவுகோலாக நின்றது. 2017இல் 'நீட்' தேர்வு வந்து அந்த அளவுகோலை முறித்துப் போட்டது.

அதனால் விளைந்தது என்ன? நயனர் ஏ.கே. இராசன் குழு 2021இல் தமிழ்நாட்டரசுக்கு அளித்த அறிக்கை அதனை எண்களிற் காட்டியது. 2016-17இல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தவருள் தமிழ்வழிப் பயின்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர். 2020-21இல் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேராய்ச் சுருங்கினர். நான்கே ஆண்டுகளில் தமிழ்வழிப் பிள்ளைகளின் மூளை சுருங்கிவிட்டதா? இல்லை. அளக்கும் கோல் மாறிற்று. 2016இல் தகுதியுடையவர் எனக் கொள்ளப்பட்டிருக்கக்கூடிய அதே பிள்ளை, 2017இல் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் இடம் மறுக்கப்பட்டு, உச்சநயன்மன்றம் வரை சென்று முறையிட்டு, 2017 செப்தம்பர் முதல் நாள் உயிரிழந்த அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதாவைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அவ்விளம்பெண் தோற்கவில்லை, தோற்றது அவரை அளந்த கோல்.

அக் கோலேனும் நேராக இருந்ததா எனின், அதுவுமில்லை. 2024இல் நடந்த தேர்வில் வினாத்தாள் முன்கூட்டியே வெளியானது வடநாட்டில் கண்டறியப்பட்டது. முழு மதிப்பெண் பெற்றவர் 67 பேர் என முதலில் அறிவிக்கப்பட்டு, திருத்திய பின் அவ்வெண் 17 ஆயிற்று. இத்தகைய தேர்வில் கிடைத்த ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு, "என் பிள்ளை எதற்கும் உதவாதவன்" என்று ஒரு தகப்பன் முடிவுகட்டுவது, கள்ளத் தராசில் நிறுத்துவிட்டுப் பொன்னைக் குறைசொல்வது போன்றது.

அவ்வாயிலை நேர்செய்யும் போராட்டம் நடந்தே ஆதல் வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 செப்தம்பரில் விலக்குச் சட்டவரைவை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பியனுப்ப, 2022 பிப்பிரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதற்கு இசைவு மறுத்தார் என்று 2025 ஏப்பிரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இடையில், 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர்க்கேனும் கதவைத் திறந்தது. இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் நீளும் போராட்டங்கள். அவற்றை நடத்தும் கடமை குமுகாயத்தினது, கட்சிகளினது, அரசினது. அக்கடமையின் சுமையை ஒரு பதினெட்டு அகவைப் பிள்ளையின் தலைமேல் ஏற்றி, "நீ இடம் வாங்கித்தான் குடியின் மானத்தைக் காக்க வேண்டும்" என்பது அறமன்று. கோட்டை வாயிலை உடைக்கும் வேலை படைக்கு உரியது. அது உடையும் வரை வாயிலில் குந்திக் கிடப்பது பிள்ளையின் வேலையன்று.

ஆனால், குந்திக் கிடப்பதே இன்று பெருவழக்காகிவிட்டது. அதே இராசன் குழு அறிக்கை இன்னொன்றையும் காட்டியது. 2016-17இல் மருத்துவ இடம் பெற்றவருள் முந்தைய ஆண்டுகளிற் பள்ளி முடித்து மறுமுயற்சி செய்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். 2020-21இல் அவர்கள் 71 பேர். அதாவது, பள்ளி முடித்த கையோடு இடம் பெறுவது அருகி, ஓராண்டோ ஈராண்டோ தனிப் பயிற்சிக் கூடத்திற் பணத்தைக் கொட்டியவரே மிகுதியும் உள்ளே நுழைய முடிகின்றது. கொட்டுவதற்குப் பணமுள்ளவர் கொட்டுகின்றனர். இல்லாதவர் என் செய்வர்? தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போகின்றது; கிணற்றுப் பாசனமுள்ள காணி ஒத்திக்குப் போகின்றது; வட்டி வளர்கின்றது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. அகவைக்கு இருந்த மேல்வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. அரசு வரம்பு வைக்காத இடத்தில் வீட்டார்தாம் வரம்பு வைத்தாக வேண்டும். வைக்காவிடின், இலவு காத்த கிளியாய்ப் பிள்ளையின் இருபது அகவையும் கடந்துபோகும். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சாவது மிஞ்சிற்று. இங்குக் கடன்தான் மிஞ்சும்.

மறுமுயற்சியே தவறென்பதன்று. முதன்முறை எல்லைக்கோட்டை ஒட்டி நின்ற பிள்ளை, தானே விரும்பி, கடனின்றி, ஒருமுறை மீண்டும் முயல்வதில் குற்றமில்லை. ஆனால், அந்த ஓராண்டு எப்போது முடியும், முடிந்தபின் எந்தப் படிப்பு என்பது, அந்த ஆண்டு தொடங்குமுன்னரே பேசி முடிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். எல்லையில்லாத முயற்சிக்கு முயற்சி என்று பெயரில்லை, அது சூதாட்டம். தோற்றவன் எழுந்து போகாமல் இன்னுமோர் ஆட்டம் கேட்பதுதான் சூதின் இயல்பு.

சூதினும் கொடியது ஒன்றுண்டு. அது தரகர் வலை. இடம் கிடையாத வீட்டைத் தேடி, துக்கம் கேட்க வருவார் போல் அவர்கள் வருகின்றனர். கடல் கடந்த ஏதோவொரு நாட்டில் குறைந்த செலவில் மருத்துவப் பட்டம் என்கின்றனர். 2022 பிப்பிரவரியில் உக்கிரைன் நாட்டிற் போர் மூண்டபோது, படிப்பைப் பாதியில் விட்டு, நிலவறைகளில் பதுங்கி, எல்லை வரை பனியில் நடந்து திரும்பிய இந்திய மாணவர் பல்லாயிரவர். அவருள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவர். உள்நாட்டில் இடமின்மையே அவருட் பலரை அவ்வளவு தொலைவு துரத்தியது. போரில்லா நாட்டிற் படித்துப் பட்டத்தோடு திரும்பினாலும், இங்கு மருத்துவம் செய்வதற்கு மற்றொரு தகுதித் தேர்வைக் கடந்தாக வேண்டும். அத் தேர்வில் தேறுவோரைவிடத் தேறாதோரே மிகுதி என்பதைத் தரகர் எவரும் சொல்வதில்லை. அயல்நாட்டில் நன்கு பயின்று வந்து நன்மருத்துவராய் விளங்குவோரும் உளர். அவர்களைக் குறைகூறுதல் தகாது. ஆயின், நிலத்தை விற்றுத் தரகன் கையிற் கொடுக்கும் உழவர், மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகின்றார் என்பதை அறிந்தே இறங்குதல் வேண்டும்.

அவ்வாறாயின் மாற்றுத் தொழில் எது? அதைத் தேர்வது எங்ஙனம்?

இவ்விடத்தில் மேடைப் பேச்சாளர் பலர் ஓர் எளிய மருந்தைக் கொடுப்பர். பெரியோர் எல்லாரும் முதலிற் தோற்றவரே. ஆகவே தோல்வி வெற்றிக்கு முதற்படி என்பர். கணித மேதை இராமானுசர் குடந்தைக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. இராமேசுவரத்து அப்துல் கலாம், வான்படையில் வானூர்தி ஓட்டும் பணியை நாடித் தேராதூன் சென்றபோது, 25 பேருள் ஒன்பதாமவராய் வந்தார், இடங்களோ எட்டே. இவை உண்மை நிகழ்ச்சிகள்தாம். ஆனால், தேர்வில் தவறியவர் எல்லாரும் இராமானுசராகவோ கலாமாகவோ ஆகிவிடுவதில்லை. அவ்வாறு நம்பச் செய்வது, ஓர் ஏமாற்றத்தின் மேல் மற்றோர் ஏமாற்றத்தை அடுக்குவதேயாகும்.

அவர்கள் வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் வேறு. இராமானுசர் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய்ச் சேர்ந்தார். திங்கள் ஊதியம் 30 உருபா. அந்த எழுத்தர் வேலை அவருக்குச் சோறு போட்டது, வீட்டைக் காத்தது, கணக்குப் போட நேரமும் கொடுத்தது. அவ்வேலையில் இருந்துகொண்டே 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு மடல் எழுதினார். எழுத்தர் வேலையை இழிவென்று அவர் ஒதுக்கியிருப்பின், அம்மடலை எழுதப் பசி விட்டிருக்குமா என்பது ஐயமே. கலாமும் படைத்துறையின் மறுப்பை எண்ணிக்கொண்டே காலங் கழிக்கவில்லை. தில்லியில் வானூர்தித் தொழில்நுட்பத் துறைப் பணியை ஏற்று அதில் ஊன்றி நின்றார். இருவர்க்கும் பொதுவானது என்ன? மாற்றாக வந்த வேலையை அவர்கள் அரைமனத்தோடு செய்யவில்லை. அதனைக் கால் ஊன்றும் நிலமாக்கிக் கொண்டனர். மாற்றுத் தொழிலுக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி இதுதான்: அது சோறு போட வேண்டும், ஆளைச் சிறுமைப்படுத்தாதிருக்க வேண்டும், மேலும் வளர இடங்கொடுக்க வேண்டும்.

இரண்டாம் தகுதி, அது மண்ணின் தேவையோடு பொருந்துதல். இதற்கு எடுத்துக்காட்டைத் திண்டுக்கல் மாவட்டத்தார் தொலைவில் தேட வேண்டுவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், சின்னாளபட்டிக்கு அருகில் இருக்கின்றது காந்திகிராமம். 1947இல் அதனைத் தம் கணவர் கோ. இராமச்சந்திரனோடு சேர்ந்து நிறுவியவர் மருத்துவர் சவுந்தரம் அம்மையார். இளமையிலேயே முதற் கணவரை இழந்து, கைம்மை என்னும் கொடுமைக்குள் முடங்கிவிடாமல், தில்லிக்குச் சென்று மருத்துவம் பயின்று பட்டம் பெற்றவர் அவர். அவர் விரும்பியிருப்பின் பெருநகரில் மருத்துவமனை நடத்திப் பொருளீட்டியிருக்கலாம். ஆனால், சிற்றூரின் நோய், மருத்துவர் ஒருவரின் ஊசியால் மட்டும் தீர்வதன்று என்பதை அவர் கண்டார். மகப்பேறு பார்க்கும் பெண் வேண்டும், செவிலி வேண்டும், நல்ல குடிநீர் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், எழுத்தறிவு வேண்டும், கைத்தொழில் வேண்டும். அதனாலேயே காந்திகிராமத்தில் மருத்துவமனையோடு பள்ளியும், தொழிற்கூடமும், நலவாழ்வுப் பணியாளர் பயிற்சியும் எழுந்தன; 1956இல் ஊரகக் கல்வி நிலையம் தோன்றியது; 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது.

மருத்துவம் பயின்ற ஒருவரே, மருத்துவர் அல்லாத பிறர் இல்லாமல் நோய் தீராது என்று உணர்ந்து அவர்களை உருவாக்கினார் எனின், மருத்துவ இடம் கிடையாத பிள்ளை "இனி மக்களுக்குத் தொண்டு செய்ய வழியில்லை" என்று அழுவது எதனால்? நேர்காணல்களிலும் மேடைகளிலும் மருத்துவம் விரும்பும் பிள்ளைகள் தவறாமற் சொல்வது, "ஏழை மக்களுக்குத் தொண்டு செய்வேன்" என்பது. அச்சொல் உண்மையாயின், தொண்டுக்கு வேறு நூறு வழிகள் உண்டு. அச்சொல் வெறும் ஒப்பனையாயின், விரும்பியது தொண்டை அன்று. பெயருக்கு முன் நிற்கும் பட்டத்தையும், திருமணச் சந்தையில் அதற்குள்ள விலையையும். எது உண்மை என்று ஒவ்வொரு பிள்ளையும், அதைவிடக் கூடுதலாக ஒவ்வொரு பெற்றோரும், தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம், பட்டியல் வெளியாகும் நாளன்று. அதற்கு ஈராண்டு முன்னர்.

திண்டுக்கல் சமவெளியைச் சுற்றிப் பார்க்கட்டும். இந்நகரின் தோல் பதனிடும் கூடங்களின் கழிவால் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிணறுகள் கெட்டன. நிலத்தடி நீர் உப்பேறிற்று. அந்நீரைக் குடித்து நோயுற்றவனுக்கு மாத்திரை எழுதித் தருபவர் மருத்துவர். அந்நீரையே தூய்மையாக்க வல்லவர் வேதியலும் நீரியலும் கற்றவர். இருவருள் எவர் தொண்டு பெரிது என்று அளக்கும் தராசு எங்கே உள்ளது? ஒட்டன்சத்திரம் சந்தையிற் குவியும் காய்கறியும், நிலக்கோட்டைப் பூவும், திண்டுக்கல்லின் சின்ன வெங்காயமும், விலை வீழ்ந்த நாளில் பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் அழிகின்றன. அவற்றைக் கெடாது காக்கவும், நோயினின்று தடுக்கவும், பதப்படுத்தி விற்கவும் அறிந்த வேளாண் பட்டதாரியின் தேவை இம்மண்ணில் மருத்துவரின் தேவைக்குச் சற்றும் குறைந்ததன்று. மதுரையில் வேளாண் கல்லூரி உண்டு; பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி உண்டு. வானம் பொய்த்த ஆண்டில் சமவெளி உழவனைத் தாங்கி நிற்பன ஆடும் மாடுமே. அவற்றின் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவர் இடம், தமிழ்நாட்டின் தன் ஒதுக்கீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே நிரப்பப்படுகின்றது. பக்கத்துத் தேனியிலும் உடுமலையிலும் அதற்குக் கல்லூரிகள் உள்ளன. செவிலியப் பட்டப் படிப்புக்கும் அம்மதிப்பெண்ணே போதும். சித்த மருத்துவப் படிப்புக்கு அதே நுழைவுத் தேர்வில் தகுதி வேண்டுமெனினும், தகுதி பெற்றும் ஆங்கில மருத்துவ இடம் எட்டாதார்க்கு அவ்வழி திறந்தே உள்ளது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. "அது கிடைக்கவில்லை, ஆகவே இது" என்ற முகச்சுளிப்போடு இவற்றுள் எதனுள்ளும் ஒருவர் நுழைதல் கூடாது. நோயாளியின் படுக்கையருகே எட்டு மணி நேரம் நிற்பவர் செவிலியர். அவரை அரை மருத்துவராய் எண்ணி ஏளனம் செய்யும் நாவுகளே, தம் வீட்டில் நோய் வந்தால் அவர் கையையே பற்றுகின்றன. மருத்துவராக முடியாத வெறுப்பைச் சுமந்துகொண்டு செவிலியானவர் நல்ல செவிலியாகார்; மாட்டைத் தொட அருவருத்துக் கால்நடை மருத்துவம் பயின்றவர் உழவனுக்கு உதவார். குருதி கண்டால் மயங்குபவர், வேறு துறைக்குப் போகட்டும். சட்டம், ஆசிரியப் பணி, பொறியியல், கணக்கியல் என உலகம் பரந்துகிடக்கின்றது. வெள்ளைக் குப்பாயத்திற்கு எது அருகில் இருக்கின்றது என்று தேடுவது தவறான தேடல். தன் கைக்கும் உள்ளத்திற்கும் எது பொருந்துகின்றது என்பதே தேட வேண்டுவது.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்றுண்டு. மண்ணின் பெருமை பேசுவோர் சிலர், படித்த பிள்ளைகளைப் பழந்தொழிலுக்கே திரும்பச் சொல்வர். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, அது பெருமைக்குரியதே. ஆனால், அப்பூட்டைக் கையால் அடித்து இழைக்கும் தொழிலாளர் தம் பிள்ளைகளை அத்தொழிலுக்கு அனுப்ப விரும்பாமைக்குக் கரணியம், ஊதியம் போதாமையும் எந்திரப் பூட்டுகளின் போட்டியுமே. கூலியை உயர்த்தாமல், சந்தையைக் காட்டாமல், வெறும் பெருமையைக் கூலியாய்க் கொடுத்து ஓர் இளைஞனை உலைக்களத்தில் நிறுத்துதல் அறமாகாது. பூட்டுத் தொழில் வாழ வேண்டுமாயின், அதற்கு அச்சு வார்க்கவும் எந்திரம் அமைக்கவும் கற்ற இளைஞர் வேண்டும்; அவர்க்கு முதலும் வேண்டும். அவற்றைக் கொடுத்தபின் அழைக்கட்டும்.

இன்னும் ஒன்று சொல்லாது விடின், இதுகாறும் சொன்னவையெல்லாம் அரைகுறையாய் நின்றுவிடும். மாற்றுத் தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லாப் பிள்ளைகட்கும் ஒன்றாய் இல்லை. நகரத்து வணிகர் மகன் தவறினால் அவனுக்கு மறுமுயற்சி உண்டு. கட்டணக் கல்லூரி உண்டு. அப்பன் கடை உண்டு. வேடசந்தூர்ப் பக்கத்துக் கூலி உழவர் மகள் தவறினால் அவளுக்கு உள்ளவை இரண்டே: நூற்பாலை விடுதி, அல்லது திருமணம். இயற்பியலும் உயிரியலும் படித்த பெண், இரவுப் பணியில் நூலறுந்த கதிர்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கின்றாள். ஈட்டும் பணமோ அண்ணன் தம்பியின் படிப்புக்கும் தன் திருமணச் சீருக்கும் போகின்றது. ஆலையில் உழைப்பது இழிவன்று. உழைப்பு எதுவும் இழிவன்று. ஆனால், அவளை யாரும் கேட்கவில்லை, அதுதான் இழிவு. மகனுக்கு மூன்றாம் முறை பயிற்சிக் கட்டணம் கட்டத் துணியும் தந்தை, மகளுக்கு அரசு கலைக் கல்லூரிக் கட்டணத்தையும் செலவென்று எண்ணுவாராயின், அவர் வீட்டிலும் ஒரு 'நீட்' நடக்கின்றது என்க. அதில் தவறியவள் பெண்ணாய்ப் பிறந்தமையாலேயே தவறினாள். திண்டுக்கல்லில் மகளிர்க்கென்றே அரசு கலைக் கல்லூரி உண்டு. அரசுப் பள்ளியிற் பயின்ற மகளிர் உயர்கல்வி கற்கத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா வழங்கும் அரசுத் திட்டமும் 2022 முதல் உண்டு. ஆகவே, ஏழ்மையை மட்டும் சாக்காய்ச் சொல்லி மகளை ஆலைக்கு அனுப்பிவிட முடியாது.

ஆகவே செய்ய வேண்டுவன இவை. பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே, முதல் விருப்பத்தோடு இரண்டாம் விருப்பத்தையும் வீட்டார் அமர்ந்து பேசட்டும்; பேச்சில் பிள்ளையின் குரலே முதலில் ஒலிக்கட்டும். இரண்டாம் விருப்பத் துறையில் பணிசெய்யும் ஒருவரிடம், செவிலியரோ வேளாண் அலுவலரோ நீர் ஆய்வாளரோ ஆகட்டும், ஒரு நாள் முழுதும் பிள்ளையை உடனிருக்கச் செய்யட்டும். விளம்பரத் தாள்கள் ஆயிரம் சொல்லாததை அந்த ஒருநாள் சொல்லிவிடும். நிலத்தையும் நகையையும் ஈடுவைத்து ஒரு தேர்வின்மேற் கட்டுவதில்லை என்று குடும்பத்தார் முன்னரே உறுதி பூணட்டும். பள்ளிகள் தேறியவர் படத்தை மட்டும் தெருவெங்கும் பதாகையாக்குவதை விட்டு, தேறாதவர் எங்கே சென்றனர், எவ்வாறு உள்ளனர் என்றும் கேட்கட்டும். பட்டியல் வெளியாகும் நாளில் எவரும் பிள்ளையைத் தனியே விடாதிருக்கட்டும். உள்ளம் உடைந்த மாணவர்க்கு ஆறுதல் கூறும் ஆலோசகர்கள், தமிழ்நாட்டரசின் 104 என்னும் தொலைப்பேசி எண்ணில் எந்நேரமும் உள்ளனர். அவ்வெண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்படட்டும். உற்றார் உறவினர், "இடம் கிடைத்ததா?" என்னும் கேள்வியை விடுத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்கட்டும். அஃதொன்றே பல உயிர்களைக் காக்கும்.

இடம் மறுக்கப்பட்ட தமிழ் இளைஞரும் ஒன்றை உறுதியாய் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். மறுக்கப்பட்டது ஒரு கல்லூரியில் ஓர் இருக்கை. அறிவு மறுக்கப்படவில்லை, கைகளின் ஆற்றல் மறுக்கப்படவில்லை, இம்மண்ணின் நோயையும் வறுமையையும் நீக்கும் உரிமை எவராலும் மறுக்கப்படக்கூடியதன்று. முறைகேடான வாயிலை இடிக்கும் போராட்டத்தில் அவர்களும் வந்து நிற்கட்டும். அழுகின்ற கண்ணோடு வாயிலிற் காத்துக்கிடப்பவராய் வரவேண்டா. செவிலியராய், உழவறிஞராய், கால்நடை மருத்துவராய், ஆசிரியராய், வழக்குரைஞராய், தத்தம் தொழிலில் நிமிர்ந்து நிற்பவராய் வரட்டும். தன் காலில் நிற்பவர் எழுப்பும் குரலுக்கே வாயில்கள் அசையும்.